பீப்பாய் அருகே வந்தவள்

மெய்தாவின் சாயப் பீப்பாய் கெட்டுப்போனதே அவள் கடைச் சாயத்தை ஊற்றியதால்தானாம். பேச்சு அவள் காதுக்கு நேராக வரவில்லை. டோஃபு விற்கும் குய்ஃபெங் யாரிடமோ சொல்லி, அந்த யாரோ பாலத்தில் உட்கார்ந்திருந்த மெய்தாவின் புருஷன் லாவ்சியனிடம் கேட்டு, அவர் சோற்றுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, மழை வருமா என்பதுபோல் கேட்டார்.

“கடைச் சாயம் எதாவது வாங்கினியா?”

“எவ சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாயா இருக்கு? மொதல்ல எந்த வாயில வந்துச்சு, அதச் சொல்லுங்க.”

அவர் பசையரிசிச் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

மெய்தாவ் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்த புதிதிலேயே, மாமியார் நீட்டிய சாய இலைக்கூழை நாக்கில் வைத்துப் பார்த்து, சுண்ணாம்பு தூக்கல் என்று திருப்பிக் கொடுத்தவள். துணி பளபளக்கப் பூச வெள்ளைக்கரு வேண்டும். அதற்கு வாங்கும் முட்டையை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். துணி அடிக்கும் மரச்சுத்தியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைப்பாள். இந்தக் குணத்தோடு இத்தனை வருஷம் லாவ்சியன் எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்று ஊரே சிரிக்கும். ஆனால் அவள் முக்கி, அடித்து, ஆவி காட்டி எடுத்த துணியில் கருநீலத்தின் மேல் செம்பு நிறம் புரளும்போது யாரும் சிரிக்கமாட்டார்கள். திருவிழாவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் போட்டிருக்கும் சட்டையைத் தடவி, “மெய்தாவ் துணியா?” என்றுதான் கேட்பார்கள்.

புது அரிசி விருந்து முடிந்த கையோடு அந்த மெய்தாவின் பீப்பாய்தான் செத்துக் கிடந்தது. செம்பு மினுக்கோடு எழும்பும் நுரை அடங்கி, நனைத்த துணி சேற்று நிறத்தில் வந்தது. சாயத்துக்கு உயிர் உண்டு. அதற்கு அரிசிக் கள் ஊட்ட வேண்டும், களைத்தால் ஓய்வு கொடுக்க வேண்டும். முக்கியமாக, பிள்ளைத்தாச்சி யாரும் கிட்டே வரக் கூடாது. வந்தால் வயிற்றுப் பிள்ளை சாயத்தின் உயிரை இழுத்துக்கொள்ளும். மகள் லியென் வயிற்றில் இருந்தபோது மெய்தாவே அந்தப் பருவம் முழுக்கப் பின்வாசல் வழியாகத்தான் புழங்கினாள்.

யாரோ வந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு யின்தியின் மருமகள் வயிறு தள்ளிக்கொண்டு நடந்ததை மெய்தாவ் பார்த்திருக்கிறாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள்.

யின்தி முற்றத்துக் கல்லின் மேல் துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மூஞ்சியில இடி விழுந்திருக்கு?”

“உங்க மருமக வயித்தத் தூக்கிட்டு என் பீப்பாய்ப் பக்கம் வந்தாளாக்கா?”

“வந்தா, எட்டிப் பாத்தா, பீப்பாய நலம் விசாரிச்சிட்டுப் போனா. போடி! புது அரிசி விருந்துக்கு முன்னாடியே அவ அம்மா வீட்டுக்குப் போயாச்சு. நம்பலன்னா உள்ள போய்ப் பாரு.”

மெய்தாவ் உண்மையிலேயே உள்ளே போய்ப் பார்த்தாள். படுக்கை சுருட்டிக் கிடந்தது. மருமகளின் செருப்பைக் காணோம். வெளியே வந்தாள்.

“சரி. கடைச் சாயக் கதைய யாரு கட்டிவிட்டது?”

சுத்தி நின்றது. “நான்தான்.”

சண்டைக்கு வந்தவள் இன்னும் கிட்டே போனாள்.

யின்தி குரலைத் தாழ்த்தினாள். “ஆத்தங்கரையில உன் பீப்பாய்ப் பேச்சுதான். செத்துப்போச்சே, யாரு கிட்ட வந்திருப்பான்னு ஒருத்தி ஆரம்பிச்சா. விருந்துக்கு மெய்தாவ் வீட்டுக்கு யாரு வந்தான்னு இன்னொருத்தி யோசிக்க ஆரம்பிச்சா. நான் குறுக்க பூந்து, கடைச் சாயத்த ஊத்திக் கெடுத்துக்கிட்டான்னு சொல்லி வாய அடைச்சேன்.”

“எங்க வீட்டுக்கு எவளும் வரல.”

“எவளுமே வரல?”

யின்தி மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

தெருவைக் கடக்கும்போதே மெய்தாவுக்கு உறைத்தது. வந்தவள் லியென் ஒருத்திதான். தூரத்துக் குவாங்டோங் மாகாணத்தில் தையல் ஆலை வேலை. விருந்துக்கு வந்துவிட்டுப் போனாள். கல்யாணப் பேச்சே இன்னும் எடுக்கவில்லை. நகம் நீலமாகும் என்று பீப்பாயைத் தொடாதவள், இந்தத் தடவை “நான் கலக்குறேம்மா” என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பெற்றவளுக்குப் பூரித்துப்போனது. கள் ஊற்றியபோது லியென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாடியிலிருந்து புளித்த மீனை நின்றபடியே தின்றாள். அன்றைக்குச் சந்தோஷமாகப் பார்த்ததை எல்லாம் இப்போது மெய்தாவ் முட்டையைப் பார்ப்பதுபோல் வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

தெரிந்திருந்தால் கிட்டே வந்திருப்பாளா? இல்லை, அவளுக்கே தெரியாதா?

“மழை விடாம பெஞ்சுது, பீப்பாய் குளுந்துபோச்சு, அவ்வளவுதான்,” என்றார் வீட்டிலிருந்த லாவ்சியன், யாரும் கேட்காமலே. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவருக்கும் தோன்றிவிட்டதா? யின்தி காப்பாற்றினாளா, அல்லது பின்னால் இழுக்க ஒரு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டாளா?

வாசலில் குய்ஃபெங் கூடையை இறக்கினாள். டோஃபுவை எடுக்கவில்லை. “என்னக்கா, கடைச் சாயமாமே? நான் நம்பவே இல்ல.”

மெய்தாவ் அவள் கண்ணையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துணியின் பேர் நிற்கும். ஆனால் ஆற்றங்கரையில், யார் வந்தது என்று மறுபடி யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

“ஆமா, வாங்கித்தான் ஊத்தினேன். கை முன்ன மாதிரி இல்ல.”

“ஐயோ, நீங்களா!” குய்ஃபெங்கின் முகம் மலர்ந்தேவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மெய்தாவ் செத்த பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்று லியெனுக்குப் போன் போட்டாள். எதையும் கேட்கப் போவதில்லை. பீப்பாய் செத்துப்போச்சுடி என்று மட்டும் சொல்வாள். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது போதும்.

மறுமுனையில் மணி அடித்தது. எதிர்வீட்டில் சுத்திச் சத்தம் நின்றுபோனது. மெய்தாவ் முதுகைத் திருப்பிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.