தோளில் இரண்டு தட்டு

போன வாரம் மருமகள் புளியங்கொட்டைகளை அலுமினியச் சட்டியில் கொட்டினாள். அந்தக் கலகலச் சத்தம் கேட்டதும் என் வலது கை தானாக மேலே போனது. "என்னத்தே, கொசுவா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் குழம்பு தீய்ந்துவிடும். உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் கூச்சமில்லை.

என் வீட்டுக்காரர் பேகம்பூரில் ஒரு பாயிடம் கார் டிரைவராக இருந்தார். பழைய கறுப்புக் கார். அவர் சட்டையைத் துவைத்தால் வாளித் தண்ணீர் முழுக்கப் பெட்ரோல் வாடை. கல்யாணமான புதிதில் எனக்கு அதில் தலை சுற்றும். பிறகு அந்த வாடையை வைத்துத்தான் அவர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். என் குரலோ எனக்கே கேட்காது. எரியோட்டில் ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் என்னை ஒருநாளும் எழுந்து வாசிக்கச் சொன்னதில்லை. இப்படிப்பட்டவளுக்கு, வருஷத்துக்கு வருஷம் காது மந்தமாகிக்கொண்டே போகிற புருஷன்.

அந்தக் காலத்து இன்ஜினில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும். டைமிங் என்பார்கள். பொறி முந்தி விழுந்தால், மேட்டில் ஏறும்போது தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரிச் சத்தம் வரும். அப்படியே விட்டால் பிஸ்டன் போய்விடும். பிந்தி விழுந்தால் சத்தம் இருக்காது, இழுவையும் இருக்காது, வண்டி கொதிக்கும். இதையெல்லாம் அவர் காதால்தான் கண்டுபிடிப்பார்.

ஒருநாள் பாய், "மேட்டுல கடகடன்னு அடிக்குதேப்பா, ஒனக்குக் கேக்கலியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பெட்ரோல் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பாய்க்குத் தெரிஞ்சா ஸ்டேரிங்கத் தொட விடமாட்டாரு. நீ வா."

முன்சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்காரக் கூசி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "டிரைவரம்மா பவுசப் பாரு, கொடைக்கானலுக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போனது சிறுமலை ரோட்டுக்கு. டாப் கியரிலேயே மேட்டில் ஏற்றி அழுத்துவார். சத்தம் வந்தால் அவர் தோளில் நான் ஒரு தட்டு; அடங்கினால் இரண்டு. இறங்கி, பானட்டைத் திறந்து, பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்புவார். மறுபடி கீழேயிருந்து ஏறுவோம். லேசாகக் கேட்டு உடனே அடங்குகிற இடம்தான் சரியான இடம். "அடிக்குதா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். ரோட்டைப் பாருங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது.

இப்படியே சில வருஷம் ஓட்டினோம். ஓட்டினார் என்றுதான் எழுத வேண்டும்.

ஒரு காலையில் பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார். இவர் வாசலில் பானட்டுக்குள் குனிந்திருந்தார். நான் சொம்பில் தண்ணீரோடு நிலையில் நின்றேன். பாய் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இவர் திரும்பவில்லை. பாய் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் போட்டார். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. இவர் திரும்பவில்லை.

"எம்புட்டு நாளாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"எம் பிள்ளைங்க இதுலதான் பள்ளிக்கூடம் போகுதுங்க தங்கச்சி."

கோபமில்லாமல்தான் சொன்னார். நியாயம்தான். கோபப்பட்டிருந்தால் பிறகு திட்டவாவது முடிந்திருக்கும். சாவி அன்றைக்கே போனது. அதற்கப்புறம் இவர் வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. நான் பூக்கட்டப் போனேன்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் அதே சத்தம், தகரத்துக்குள் கொட்டை. அவருக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அடிக்குதா?" என்றார்.

தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கார் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். மகன் வைத்திருக்கும் கார் சிறுமலை மேட்டில் சத்தமே இல்லாமல் ஏறுகிறது. டைமிங்கை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். என்னைப் பின்சீட்டில்தான் உட்கார வைக்கிறான்.