கவிஞர் வீட்டு நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வாசகசாலையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு — 'நான் கண்ட அயர்லாந்து'.

ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றை விசாரித்திருக்க வேண்டும். முனியப்பன் ஊரில் இருக்கிறாரா?

முனியப்பன் அஞ்செட்டிக்காரர். மாட்டுப் பண்ணையில் என்னோடு வேலை பார்ப்பவர். போன வருஷம் பால்பண்ணைப் பயிற்சிக்காக எங்கள் இருவரையும்தான் கப்பலேற்றி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அதாவது, அங்கே நான் செய்த காரியங்களுக்கு இந்தியாவிலேயே ஒரே சாட்சி! லீவில் சொந்த ஊர் போயிருப்பார் என்று நம்பி மேடை ஏறினேன். மனிதர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சரி, ஆனது ஆகட்டும் என்று ஆரம்பித்தேன். நாங்கள் ஒரு விடுமுறை நாளில் போன கடற்கரை ஊரைப் பற்றிப் பேச்சு. கடலை ஒட்டி ஒரு இடிந்த கோட்டை. கிருஷ்ணகிரிக் கோட்டை மாதிரி மலையேறி மூச்சு வாங்க வேண்டாம், தெருவிலிருந்து நேராக உள்ளே நடக்கலாம் என்றேன். பாசி படிந்த மாதா கோயிலைச் சொன்னேன். தொப்பியைப் பறிக்கிற காற்றைச் சொன்னேன். கடைசியில், ஒரு கவிஞர் வாழ்ந்த வீடு. அவருடைய அறை, மேஜை, ஜன்னலில் தெரியும் கடல்... குரல் தழுதழுக்க முடித்துவிட்டு உட்காரப் போனேன்.

முனியப்பன் எழுந்தார்.

"எல்லாம் சொன்னீங்க சார். அந்த நாற்காலி சமாச்சாரத்த மட்டும் வுட்டுட்டீங்களே?"

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இனி தப்ப முடியுமா? சொன்னேன்.

மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. குறுக்கே சிவப்புக் கயிறு. உட்காராதே என்று அர்த்தம். தெரியும். ஆனால் காலையிலிருந்து நடந்த நடை... வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எங்களுக்கு டீ போட உள்ளே போனார். கவிஞரின் தம்பி மனைவி அவர், எழுபது வயதிருக்கும். கவிஞர் உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் நமக்கும் நாலு வரி வராதா என்ற நப்பாசை எனக்கு. கயிற்றை அவிழ்த்தேன். உட்கார்ந்தேன்.

வரி வரவில்லை. பின்னங்கால் ஒன்று கழன்று, நான் தரையில் கிடந்தேன்.

முனியப்பன் தெலுங்குக்கு மாறினார். அந்த அம்மாளுக்குப் புரியக் கூடாதாம்! ஏதோ இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்குத் தமிழும் புரிந்துவிடும் என்பது போல. காலை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, டீ குடிக்காமலே கிளம்பிவிடலாம் என்பது அவர் யோசனை. எனக்கோ ஜெயில் கண்முன் தெரிந்தது.

அதற்குள் அம்மாள் தட்டோடு வாசலில் நின்றார். எதை மறைப்பது? நாற்காலிக் கால் என் கையில் இருந்தது. நான்தான் உடைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு இங்கிலீஷெல்லாம் தீர்ந்தது.

அவர் தட்டை வைத்தார். மெதுவாகக் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

இதை நான் அல்லவா கேட்க வேண்டும்?

விஷயம் இதுதான். கவிஞர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. வாழ்நாள் பூராவும் கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் எழுதினாராம். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் நாற்காலி எங்கே என்று கேட்டார்கள். இல்லையென்றால் முகம் வாடித் திரும்பினார்கள். மனசு கேட்காமல் இந்த அம்மாள்தான் சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். கால் அப்போதே ஆட்டம்; அதனால்தான் கயிறு. இப்போது ஊரே நம்புகிறது. தெரிந்தால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது என்று கண் கலங்கினார்.

முனியப்பன் மேல்கோட்டைக் கழற்றினார். கத்தியும் சணலும் கேட்டு வாங்கினார். விறகுச் சிராயில் ஆப்பு செதுக்கி அடித்து, சுற்றி இறுக்கிக் கட்டினார். நாற்காலி பழையதைவிடக் கெட்டியாக நின்றது. யாரிடமும் சொல்வதில்லை என்று நாங்கள் வாக்குக் கொடுத்ததும் அம்மாள் முதல் முறையாகச் சிரித்தார். மூவரும் டீ குடித்தோம் — நின்றுகொண்டே.

ஓசூரில் கோட்டைக்குக் கிடைக்காத கைதட்டல் நாற்காலிக்குக் கிடைத்தது. வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிப் போட்டு உடைக்கலாமா என்கிறீர்களா? ஊர்ப் பெயரை நான் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா?

கூட்டம் கலைந்ததும் வாசகசாலைச் செயலாளர் என்னை அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கண்ணாடிக்குள் ஒரு துருப்பிடித்த வாள். 'கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் கிடைத்தது' என்று அட்டை.

"உங்களுக்குள்ள இருக்கட்டும் சார்" என்றார் காதருகே. "இது நாங்க நாடகத்துக்குத் தகரத்துல அடிச்சது. கோட்டையப் பத்திக் கேட்டு வர்றவங்க ஒண்ணுமில்லாம திரும்பக் கூடாதுன்னு வெச்சோம்."

நல்ல வேளை... வாள் மேல் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்!