கணக்கில் வராத உதை

டெக்சஸில் அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் சாமி காரியம் மாதிரி. பள்ளிக்கூட அணியில் என் மகனுக்குக் கிடைத்த வேலை கிக்கர். மற்றவர்கள் முட்டி மோதி உருளும்போது இவன் ஓரத்தில் நிற்பான். கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகும்படி உதைக்கவேண்டும். போனால் பள்ளிக்கூடமே கொண்டாடும். போகாவிட்டால் அத்தனை பேரின் உழைப்பும் வீணான பழி இவன் தலையில்தான் விடியும்.

எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், பிரியாணித் தட்டோடு நின்ற அங்கிள் ஒருவர், "சும்மா நின்னுட்டு லாஸ்ட்ல ஒரு ஒதை ஒதைக்கிறான். இதுக்கு எதுக்கு டெய்லி ப்ராக்டிஸ்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், மகனை முன்னால் வைத்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் அவனை டிரைவ் பண்ணிக் கூட்டிக்கொண்டு போய், காருக்குள் உட்கார்ந்து ப்ராக்டிஸைப் பார்த்தவள் நான். விளையாட்டின் சட்டதிட்டமெல்லாம் எனக்கு அப்படித்தான் பழகியது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிளேஆஃப் என்கிற அடுத்த சுற்று, தோற்றால் வீட்டுக்கு. மகனுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முந்தின இரண்டு ஆட்டத்திலும் தவறவிட்டிருந்தான். இன்னொரு தடவை விட்டால் அடுத்த வருஷத்துக்கு வேறு கிக்கரைப் பார்த்துக்கொள்வதாகக் கோச் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கமான வெள்ளிக்கிழமை ராத்திரியை விட்டு, அந்த ஆட்டத்தை மட்டும் சனிக்கிழமை மதியம் வைத்தார்கள். அதுவரை எட்டியும் பாராத கூட்டத்துக்குப் பிளேஆஃப் என்றதும் மூக்கில் வேர்த்துவிட்டது. ஓர் ஆன்ட்டி டப்பா நிறைய லட்டோடு வந்து, "நம்ம பையன் ஜெயிச்சதும் குடுக்கணும்ல" என்றார். தோற்றால் யார் பையன் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். இவன் உதை போனால் மூன்று புள்ளி. மகனைக் கூப்பிட்டார்கள். ஓடி வந்து உதைத்தான், பந்து கம்பங்களுக்கு நட்டநடுவே போனது. எங்கள் வரிசையே எழுந்துவிட்டது. கட்டிப்பிடித்தார்கள், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் டப்பாவைப் பிடுங்கி லட்டு விநியோகத்தை ஆரம்பித்துவிட்டார்.

அந்த உதை கணக்கில் வராது. பந்து கிளம்பும் முன்பே, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எதிரணி டைம் அவுட் கேட்டிருந்தது. கிக்கரைக் காக்கவைத்து, யோசிக்கவைத்து, நடுங்கவைப்பதற்கென்றே செய்கிற வேலை அது.

"ஏங்க, அது செல்லாது. அவன் திரும்ப ஒதைக்கணும். சத்தம் போடாதீங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?" என்று என் வாயிலும் ஒரு லட்டைத் திணித்தார். கீழே என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, அடி அளந்து பின்னால் நடந்துகொண்டிருந்தான். எங்கள் பள்ளிக்கூடத்து ஜனமெல்லாம் மூச்சுவிடாமல் நிற்க, எங்கள் வரிசை மட்டும் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது.

இரண்டாவது உதையில் பந்து வலது கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.

எதிர்ப்பக்கத்து ஆரவாரம் கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் திரும்பிப் பார்த்து, என்ன ஆச்சு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். விஷயம் புரிந்ததும், ட்ராஃபிக் ஆகிவிடும் என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். ஆன்ட்டி மீதி லட்டை மூடி எடுத்துக்கொண்டார். பாட்லக் அங்கிள் படியிறங்கும்போது, "இந்த ஈஸி கிக்கைக் கூட அடிக்கத் தெரியல" என்றார். நாக்கில் நரம்பில்லாத மனுஷன். அவர்கள் முகத்தில் விழிக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

காரில் ஏறியதும் என் வீட்டுக்காரர் தொடங்கினார். "மொதல்ல அடிச்ச மாதிரியே அடிக்க வேண்டியதுதானே? அது கூடவா முடியல? எல்லார் முன்னாடியும் என் மானம் போச்சு."

எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன் அன்றைக்குத் தமிழில் கேட்டான்.

"எந்தப் பக்கம் போச்சுப்பா?"

"எது?"

"ரெண்டாவது கிக். லெஃப்டா, ரைட்டா?"

அவர் ஃப்ரீவேயையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீ சொல்லாத" என்றான். "அப்பா சொல்லட்டும்."

வீடு வந்து சேரும்வரை அவன் காத்திருந்தான்.