அவள் ப. மீனாட்சி

செய்தி வந்தபோது ஒத்தக்கடையில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். போனில் மீனாவின் தம்பி. "அக்கா, எங்கக்கா போயிருச்சுக்கா. சமயநல்லூர் கிட்ட லாரி அடிச்சிருச்சு" என்றான். காய்கறி மண்டியில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தவள். நான் "சரிப்பா, வாரேன்" என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நிறுத்தச் சொல்லும்வரை ஓடுவார்கள். அன்றைக்கு ரொம்ப நேரம் ஓடினார்கள்.

பரவையில் அவள் வீட்டு வாசலுக்கு நம் பழைய பி.டி. சாரும் வந்திருந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார். பெரிய ரோஜா மாலை. போட்டுவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்: "பெரிய ப்ளேயரா வந்திருக்க வேண்டிய பிள்ளை. என்ன செய்ய, கொடுத்து வைக்கல." எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்து வைக்கல. இந்த ஒரு வார்த்தையைப் போட்டு நம் ஊரில் எதை வேண்டுமானாலும் மூடிவிடலாம். யார் கொடுக்காமல் போனார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். "நீங்க ஒரு லெட்டர் குடுத்திருந்தாப் போதும் சார்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்த லெட்டரும்மா?" என்றார். நடிக்கவில்லை, உண்மையாகவே மறந்துபோயிருந்தார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

அது எந்த லெட்டர் என்று நம் டீமில் ஆடிய உங்களுக்கே முழுதாகத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பாஸ்கெட்பால் டீமில் இரண்டு மீனாட்சி. மதுரைப் பக்கம் ஒரு வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள், இரண்டு என்பது குறைச்சல்தான். அவள் அப்பா பரமன், அதனால் அவள் ப. மீனாட்சி. என் அப்பா மாரிமுத்து, நான் ம. மீனாட்சி. கோர்ட்டில் அவள் மீனா, நான் நெட்டை. உயரம் எனக்கு, ஆட்டம் அவளுக்கு. கடவுள் பங்கு பிரித்தபோது தூங்கிவிட்டார் என்று அவளே கேலி செய்வாள்.

நம் பள்ளி சிமெண்டுத் தரையும் வலையில்லாத வளையமும் நினைவிருக்கிறதா? ஒரு மேட்சில் அவள் எறிந்த பந்து வளையத்துக்குள் சுத்தமாக விழுந்தது. வலை இல்லாததால் நடுவர் வெளியே போனதாகச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்போம், இல்லை சண்டைக்குப் போயிருப்போம். இவள் அவர் முன்னால் போய்க் கைகட்டி நின்று, "இன்னொருக்கப் போடுறேன் சார், கொஞ்சம் கிட்டக்க வந்து பாருங்க" என்றாள். அடுத்த தடவை பந்து கைக்கு வந்ததும் அதே இடத்துக்கு ஓடிப்போய் நின்று போட்டாள். விழுந்தது. நடுவர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார்.

அவளுக்கு ஒரே ஆசை. சிட்டியில் பெரிய காலேஜ் ஒன்றின் டீமில் ஆட வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தால் ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவள் அப்பாவுக்கு அதைவிட்டால் அவளைப் படிக்கவைக்க வேறு வழி கிடையாது. ஆனால் அவள் என்னிடம் பேசியதெல்லாம் அந்தத் தரையைப் பற்றித்தான். "மரத்தரையாம்டி. விழுந்தா முட்டி தேயாதாம். அம்புட்டு வழுவழுன்னு இருக்குமாம்." தன் முழங்கால் தழும்புகளைத் தடவிக்கொண்டே சொல்வாள்.

பிளஸ் டூவில் மாவட்ட அணிக்கு நம் பள்ளியிலிருந்து அவளை மட்டும்தான் எடுத்தார்கள். மாநிலப் போட்டியில் ஆடிவிட்டு வந்தாள். சான்றிதழும் வந்தது. அதில் 'ம. மீனாட்சி' என்று அச்சாகியிருந்தது. பெயர்ப் பட்டியலைச் சார் கையால் எழுதி அனுப்பியிருந்தார். அவர் எழுத்து உங்களுக்குத் தெரியும். ப எழுதி முடிக்கிற இடத்தில் பேனாவைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் அது ம. தலைமையாசிரியர் முத்திரையோடு திருத்தக் கடிதம் ஒன்று வாங்கித் தரச்சொல்லி அவரைச் சுற்றிச்சுற்றி வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "அதெல்லாம் ஒரு விஷயமே இல்லம்மா. காலேஜ்ல நான் பேசிக்கிறேன்."

காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கும் நாளில் நாங்கள் இருவருமே ஆடிக் காட்டப் போனோம். பந்தைத் தட்டிக் கொண்டுபோகிற 'கார்டு' ஆட்டக்காரிக்கு ஒரே ஒரு இடம் பாக்கி. மரத்தரையில் அவள் ஆடியதைப் பார்த்து, காலேஜில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அக்காக்கள் கைதட்டினார்கள். பிறகு சான்றிதழ் மேசை. அங்கே உட்கார்ந்திருந்தவர் அவள் மார்க் ஷீட்டையும் சான்றிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது உன்னோடது இல்லையேம்மா. நீ ப. இதுல ம போட்டிருக்கு." அவள் பதறிப்போய் விளக்கினாள். அவர் சாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் சார் குரல் எனக்கும் கேட்டது. "லிஸ்ட்ல என்ன இருக்கோ அதான் சார் சரி. நான் தப்பா எழுத மாட்டேன்." தன் கையெழுத்தின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு மேசைக்காரர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். "ம. மீனாட்சி யாரு?"

"நான்தான் சார்" என்றேன்.

பொய் இல்லை. நான் ம. மீனாட்சிதான். அதற்குமேல் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் அந்தச் சான்றிதழை என் விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்தார். மாநிலப் போட்டியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இடம் எனக்குக் கிடைத்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரவையில் இறங்கும்போது "போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

காலேஜ் மூன்றாம் வருடம் எங்கள் மேட்ச் ஒன்றைப் பார்க்க வந்திருந்தாள். மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "எறியும்போது ஏன்டி முழங்கைய வெளிய விரிக்கிற? உள்ள வை" என்று என் கையைப் பிடித்துத் திருத்தினாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். கையை விட்டாள். "மன்னிப்பெல்லாம் வேணாம். அன்னைக்கு வாயத் தொறக்கணும்னு தோணலையா உனக்கு? இனியாவது தொற." அதன்பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தாள், என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

பரவை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில், தெளிவாக, ப. மீனாட்சி. போஸ்டர் அச்சடித்த பிரஸ்காரருக்கு அதைச் சரியாகப் போட ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

சாரைத் திட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். ஒரு வார்த்தையும் அதிகமில்லை, திரும்பப் பெறவும் மாட்டேன். ஆனால் அவர் மறந்துவிட்டவர். நான் மறக்காதவள்.

அவள் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று அவள் தம்பி கேட்டான், படம் ஏதாவது இருந்தால் ஃப்ரேம் போடலாம் என்று. படம் இல்லை. அந்தச் சான்றிதழ் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் காலேஜில் மற்ற தாள்களோடு அதையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பரவைக்கு என் வீட்டிலிருந்து இரண்டு பஸ். கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான் இந்தப் பள்ளி வேலைக்கு விண்ணப்பித்தபோது அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.