சித்தாள் பூசிய சுவர்

சங்கரன்கோவிலில் நாங்கள் வாங்கிய மனை, சாலையைவிட ஓர் ஆள் மட்டத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போயிருந்தார். கிராவல் அடித்து நிரப்புங்கள் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். என் கணவர் மட்டும், "குழியத் தூர்க்கணும்னு என்ன இருக்கு? அங்கனயே ஒரு ரூமப் போட்டுட்டு மேல வீட்டக் கட்டுவோம்" என்றார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு பெரிய அறை வந்தது. பேஸ்மென்ட் என்று சொன்னால் எங்கள் ஊரில் வீட்டின் அடித்தளத்தைத்தான் நினைப்பார்கள். அதனால் அந்த அறைக்குக் 'கீழ் ரூம்' என்று பேராகிவிட்டது.

மேல் வீடு முடிந்து குடிவந்தபின் இரண்டு வருஷம் கீழ் ரூம் வெறும் செங்கலாகவே கிடந்தது. தரை மட்டும் போட்டிருந்தோம். மீந்த டைல்ஸ், பெயின்ட் வாளி, மகளின் பழைய சைக்கிள் எல்லாம் அங்கே கிடந்தன. ஒரு சித்திரை மதியம், மேலே தளம் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தபோது, எதையோ தேடிக் கீழே இறங்கினேன். தேடிப் போனது மறந்துவிட்டது. அவ்வளவு குளிர்ச்சி. டைல்ஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்து ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள் நாற்பதையும் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன்: "பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கீழ் ரூமப் பூசிரணும்."

வீடு கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டோம். கைசுத்தமான வேலைக்காரர். ஒரு திங்கட்கிழமை, எப்போதும் அவரோடு வரும் சித்தாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூக்குக்குண்டு பிடித்து, பூச்சு எவ்வளவு கனம் வரவேண்டும் என்பதற்கு நான்கு சுவரிலும் கலவையால் புள்ளி வைத்தார். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் வெடிப்பு வராமலிருக்கக் கோழிவலை அடித்தார். மறுநாள் கடையநல்லூரில் ஒரு பெரிய மண்டப வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று போனவர்தான். முதலில் போன் எடுத்து, "நாளைக்கு வாரேன் டீச்சர்" என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தாள் மட்டும் வந்து வாசலில் நின்றாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், பனவடலிசத்திரத்துக்காரி. என் கணவர் திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய பஸ்ஸில்தான் தினமும் கடைசி சீட்டில் தூக்குவாளியோடு வருவாள்.

"கொத்தனார் வரலியா டீச்சர்?"

"ஒங்கிட்டயும் சொல்லலியா?"

சொல்லவில்லை. கீழே இறங்கிப் போய்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சலித்த மணல் ஒரு மூலையில் குவிந்திருந்தது. சிமென்ட் மூட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்ததும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் பூசட்டுமா டீச்சர்?"

நான் சுவரையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பதினெட்டு வருஷமா அண்ணாச்சிக்குக் கலவ எடுத்துக் குடுக்கேன். எங்க வீட்டு உள்சுவர் நாலும் நான் பூசுனதுதான். ஆனா அத யாரும் வந்து பாக்கல."

பின்சுவரில் அலமாரி வரப்போகிறது, எப்படியிருந்தாலும் மறைந்துவிடும். அதை முதலில் பூசிப் பார்ப்பது, சரியில்லையென்றால் இறுகுவதற்குள் அவளே வழித்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். இந்த யோசனையையும் அவள்தான் சொன்னாள்.

"சரி, ஒனக்குச் சித்தாள் யாரு?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு கலக்கத் தெரியவில்லை. முதல் கலவை மோராகிவிட்டது. "தண்ணி கூடிட்டு டீச்சர், இன்னும் கொஞ்சம் மணலும் சிமென்ட்டும் போடுங்க" என்றாள். இரண்டாவது கலவையைக் கரண்டியில் அள்ளி ஒரு சுண்டு சுண்டினாள். சளக்கென்று சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்து அடித்து, மட்டப்பலகையைப் புள்ளிமேல் வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தாள். கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். செங்கல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துபோவதைப் பார்க்க அத்தனை நன்றாக இருந்தது. சட்டியைக் கொடுக்க மறந்து நின்றுவிட்டேன்.

"சட்டி எங்கட்டி?" என்று திரும்பாமலே சத்தம் போட்டாள். பிறகு கரண்டியோடு அப்படியே நின்றாள். "டீச்சர், வேல மும்முரத்துல வாய் தவறி 'டி' போட்டுட்டேன்."

"இந்தா சட்டி. நீ பூசு" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நல்லவேளை, அது பூசாத சுவர்.

மதியத்துக்குள் பின்சுவர் முடிந்தது. சுவரோரமாகத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மேடு பள்ளம் தெரியவில்லை. வழிக்க வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை பக்கவாட்டுச் சுவரையும் முடித்தாள். அடுத்தது சாலைப் பக்கத்துச் சுவர். அதற்கு வெளியே முழுக்க மண். கட்டும்போதே வெளிப்பக்கம் தார் பூசித்தான் மண் தள்ளியிருந்தோம். ஆனாலும் அவள் புறங்கையைச் செங்கல்மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"இங்கன ஓதம் இருக்கு டீச்சர். இத அப்படியே பூசுனா ரெண்டு மாசத்துல பொரிஞ்சு விழுந்துரும். தண்ணி எங்கருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும்."

மேலே ஏறிப் போய் அதே நேருக்கு வெளியே பார்த்தோம். பாத்திரம் விளக்கும் இடத்திலிருந்து போகும் பைப். அதன் ஒரு ஜாயின்ட்டுக்கடியில் மண் சொதசொதவென்று இருந்தது. அந்த பைப்பைப் பிளம்பரை நம்பாமல் என் கணவர் தன் கையாலேயே மாட்டியிருந்தார். அதைப் பற்றி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியும் இருந்தார். டூட்டி முடிந்து வந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பைப்பு கம்பெனி சரியில்ல போல" என்றார்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் பிளம்பர் வந்து மாற்றினார். மூன்று நாள் ஃபேனைப் போட்டுச் சுவரை உலரவிட்டு, கலவையில் நீர்க்காப்பு மருந்து ஊற்றி அந்தச் சுவரையும் பூசினாள்.

கொத்தனார் அடுத்த வெள்ளிக்கிழமைதான் வந்தார். படியிறங்கி வந்தவர் மூன்று சுவர் முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். மட்டப்பலகையை எடுத்துப் பின்சுவரில் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை வைத்தார். செல்போன் லைட்டை அடித்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். அவள் மணலுக்குப் பின்னால் நின்று விரலில் ஒட்டியிருந்த சிமென்ட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூலையில பூச்சு ஒரு நூல் கனம் கூடியிருக்கு" என்றார் கொத்தனார். மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

"போன் எடுத்தாத்தான அண்ணாச்சி கேக்க முடியும்?" என்றாள் அவள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மண்டபத்துக்காரர்கள் விடவில்லை என்று என்னிடம் ஏதோ சொன்னார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அவளிடம், "அந்த மூலையில இருந்து நீ வா, இங்கன இருந்து நான் வாரேன்" என்றார்.

படிக்கட்டுச் சுவர்தான் மிச்சம். இருக்கிறதிலேயே நீளமானது. அன்று கணவருக்கு ஓய்வு நாள். அவர் கொத்தனாருக்குச் சித்தாள், நான் அவளுக்கு. இரண்டு பேரும் போட்டியென்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கொத்தனார் வெற்றிலை போடக்கூட நிற்கவில்லை. அவளோ தண்ணீர் குடிக்கும்போதும் அந்தப் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குடித்தாள். என் கணவர் பழக்கதோஷத்தில், "உள்ள போ, உள்ள போ" என்று கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடுவில் இரண்டு பூச்சும் சந்தித்தபோது அவள் பங்கு அரை முழம் கூடியிருந்தது. அளந்தது நான். கணக்கு டீச்சர் அளந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கொத்தனாரே ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அவளுக்கும் கொத்தனார் கூலி என்று அவராகவே சொன்னார்.

ஒரு வாரம் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விட்டோம். நன்றாகக் காய்ந்தபின் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்தோம். நானும் மகளும் தலையெல்லாம் வெள்ளையாகி மேலே வந்தபோது எதிர்வீட்டு மதினி, "மாவு மில்லுல இருந்தா வாரீங்க?" என்று கேட்டாள். ஒரே ஒரு ஜன்னல்தான் என்பதால் வெளிச்சத்துக்கு வெள்ளை அடித்தோம்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் பூசியவளையும் அவள் வீட்டுக்காரரையும் இரண்டு பெண்களையும் சாப்பிடக் கூப்பிட்டோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்தாள். எதிர்வீட்டு மதினியும் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "கொத்தனார் நம்பர் குடுங்க, எங்க மாடியும் பூசணும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பூசியவளே தன் நம்பரைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அவள் மூத்த மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

கறிக்குழம்பு சாப்பிட்டதும் எல்லோரும் கீழே போனோம். வெளியே தார்ச்சாலை பளபளவென்று உருகிக்கொண்டிருந்தது. பேச்சு ஒவ்வொருவராகக் குறைந்து, அவள் வீட்டுக்காரர் ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம், பிள்ளைகள் நடுவில் என்று குளிர்ந்த தரையிலேயே தூங்கிப்போனார்கள். நானும் அவளும் மட்டும் சுவரில் முதுகைச் சாய்த்து, கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். நாலு மணி பஸ் போய்விட்டது. எழுப்ப மனசு வரவில்லை.

"அடுத்த பஸ்ஸுக்குப் போறோம்" என்றாள், காலை நீட்டிக்கொண்டே.