நான்காவது ரவுண்டு

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. நீலப் பெயின்ட் உரிந்துபோய், ஒரு கால் லேசாக ஆடும். வருகிறவர்கள் யாராவது அதன்மேல் பால் பாத்திரத்தை வைத்துவிட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கிய என் அண்ணன் உட்கார்ந்து மூச்சு வாங்கிய ஸ்டூல் அது.

பதக்கத்தோடு அவன் பூந்தமல்லிக்கு வந்த அன்று பஸ் நிலையத்திலிருந்து எங்கள் தெருவரை மேளம். அரசு வேலையும் தேடி வந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேலையை உதறிவிட்டு, காசுக்கு மோதும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடி வாங்கறது ஒரு உத்தியோகமா? நான் வந்து பாக்கமாட்டேன், போ" என்றாள். முதல் சண்டையிலேயே தோற்றால் வாங்கின தங்கத்துக்கே அவமானம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தான். பயம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வரும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த முதல் சண்டைக்கு, அம்மாவை விட்டுவிட்டுத் தெருவே வேன் பிடித்துப் போனோம். ஒலிம்பிக்கில் மூன்றே ரவுண்டு, இங்கே நான்கு. ஆளாளுக்கு அதைச் சொல்லித்தான் அவனை மேடைக்கு அனுப்பினோம். என்ன பிரயோஜனம்? மூன்றாவது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் அண்ணன் பல்கவசத்தைத் துப்பினான், எதிராளியைக் கட்டிப்பிடித்தான், நடுவரிடம் போய், தூக்குங்கள் என்பதுபோல வலது கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவர் திருதிருவென்று விழித்தார். அரங்கமே கொல்லென்று சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "அண்ணா, இன்னா பண்றே? இன்னும் ஒரு ரவுண்டு கீதுண்ணா!" என்று கத்தினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடி வந்து ஸ்டூலில் விழுந்தான். இருந்த தெம்பையெல்லாம் அதற்குள் கொட்டித் தீர்த்திருந்தான். ஆனாலும் நான்காவது ரவுண்டில் சிரித்துக்கொண்டேதான் மோதினான். அந்தச் சிரிப்பில் பயம் இல்லை. மயிரிழையில் ஜெயித்தான். நான் தொண்டை கட்டி ஒரு வாரம் ஊமையாகத் திரிந்தேன்.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ மேடை. பட்டம் வாங்கினான், இழந்தான், திரும்பப் பிடித்தான். அம்மா ஒன்றுக்கும் வரவில்லை. டிவியில் காட்டினால்கூட மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். சண்டை முடிந்ததும் போனில் "சாப்டியா" என்று மட்டும் கேட்பாள்.

கடைசிச் சண்டை சென்னையிலேயே நடந்தது. கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டிப்போனேன். முழுச் சண்டையையும் முந்தானைக்குள்ளிருந்தே பார்த்தாள். கடைசி மணி அடித்தது, எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அண்ணனோ தன் மூலைக்கு வந்து, ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்கு வாயைத் திறந்தான். அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்கிறான்! நான் கத்துவதற்குள் பக்கத்தில் அம்மா எழுந்துவிட்டாள். "டேய் நைனா! முடிஞ்சிபோச்சுடா. எய்ந்திரு, ஊட்டுக்குப் போலாம்."

அன்றும் ஜெயித்தான். நடுவர் கையைத் தூக்கியபோது அவன் பார்த்தது அம்மாவைத்தான். அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் உட்கார்ந்துதான் தோசை தின்கிறான். மூன்று தோசை ஆனதும் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பான். அம்மா தோசைக்கரண்டியோடு திரும்புவாள்.

"எங்க எய்ந்துக்கினே? உக்காரு, இன்னும் ஒண்ணு கீது."