சும்மா இருக்க வேண்டிய ரத்தம்

அயனம்பாக்கத்து வீட்டுப் பால்கனியில் சீந்தில்கொடியை வெல்லத் தண்ணீரில் அரிஷ்டம் மாதிரி புளிக்கவைத்து மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தேன். அந்தச் சாறு பட்டால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் கூடுதலாகக் கிருமி விழுங்குமா என்பதுதான் கேள்வி. பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ரத்தம் கொடுத்தவர், தினமும் என்னைக் கல்லூரியில் விடும் ஆட்டோக்காரர். மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் வெள்ளணுக்களை இரண்டு தட்டில் பிரிப்பேன். ஒன்றில் சாறு, மற்றது வெறும் தட்டு. இரண்டிலும் கிருமிக்குப் பதில் ஈஸ்ட்டைப் போட்டு, எது அதிகம் விழுங்குகிறது என்று எண்ணுவேன்.

வெறும் தட்டும் சரிக்குச் சமமாக விழுங்கித் தொலைத்தது. ஒரு வாரமா, இரண்டு வாரமா? நாலு வாரம்! "மாசக் கடைசிக்குள்ள வித்தியாசம் தெரியலேன்னா தலைப்பை மாத்திடு" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். ஆட்டோவில் ஏறியதும் அழுதேவிட்டேன்.

"இன்னாத்துக்குமா அழுவுற? அதுக்குத்தான் நான் டெய்லி குடிச்சிகினு கீறேனே!"

"எதைண்ணா?"

"சீந்தில் அரிஷ்டம். காலைல ஒரு மூடி, ராவுல ஒரு மூடி. உன் பரிச்சைல என் ரத்தம் பெயிலாயிடக் கூடாது பாரு."

"மருந்தே சாப்பிடலைன்னு எழுதிக் கொடுத்தீங்களே!"

"இது எங்கமா மருந்து? அரிஷ்டம்மா!"

அப்படியானால் வெறும் தட்டிலும் சீந்தில்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷன் ரொம்ப வருத்தப்பட்டார். அரிஷ்டத்தை அன்றே நிறுத்தினார். கூடவே இஞ்சி டீயையும், எதற்கும் இருக்கட்டும் என்று ரசத்தையும் விட்டார்.

மாசக் கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சாறு ஊற்றிய தட்டில் செம விழுங்கல். வெறும் தட்டில் வெள்ளணுக்கள் பாட்டுக்குச் சும்மா கிடந்தன. துள்ளிக் குதித்தேன். அவரையே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன்.

"இதுல நான் எது?"

"இந்த வெறும் தட்டுண்ணா."

ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "இன்னாமா இது, சோறு எதிர்லயே கீது, தூங்கினு கீறானுங்க."

"அதுதாண்ணா நமக்கு வேணும்!"

அவர் சிரிக்கவில்லை. "அப்போ மெய்யாலுமே நான் இவ்ளோதானா?"

அந்தத் தட்டு அவ்வளவுதான் என்று காட்டினால்தான் எனக்குப் பட்டம். அவர் முகத்தைப் பார்த்ததும், சாறு ஊற்றிய தட்டை மைக்ராஸ்கோப்பில் மாற்றி வைத்து, "இதுவும் நீங்கதாண்ணா" என்றேன்.